துரைச் சடக்கின் மறுவாழ்வு

அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒரு சொல்லைக் கொஞ்சம் உயர்வாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், கோப்பெங்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பழைய பெல்மோர் தோட்டத்துக்குப் போய்ச் சதாசிவத்தைப் பார்க்கச் சொல்லலாம். போகிறவர்கள் வண்டியைப் பெரிய சாலையிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். அதிலும் ஓரமாக நடக்க வேண்டும். நடுவில் நடந்தால் காவலாளி விசில் ஊதுவார்.

தோட்டம் என்று இப்போது அங்கே எதுவும் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா இடிந்து, அதன் ஓடும் கதவும் யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது பங்களாவுக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் வீடுகள் ஐந்தும், துரை தன் கார் வந்து போவதற்காகப் பெரிய சாலையிலிருந்து வாசல்வரை போட்டுக்கொண்ட இருநூற்றுப் பத்து மீட்டர் தார்ச் சடக்கும்தான். ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் வெளியே போக அதைவிட்டால் வேறு வழி இல்லை. இரண்டு பக்கமும் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் வேலி.

சடக்கு குழியும் குண்டுமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதைத் திட்டிக்கொண்டே அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் சதாசிவம். ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் அவரும் மனைவி மங்களமும்தான். பிப்ரவரி மாதம் ஒரு காலை, மங்களம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது துருவியோடு சேர்ந்து சாய்ந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அவ்வளவு பேச்சிலும் எப்படியோ ஒரே ஒரு சொல் மட்டும் தப்பி நின்றது.

"போலாம்" என்பாள். பசித்தாலும் போலாம். வலித்தாலும் போலாம். சதாசிவம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாலும் போலாம்.

ஈப்போ மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண் பிரமிளா. நல்ல பெண். சதாசிவத்தை உட்கார வைத்து விளக்கிச் சொன்னாள்.

"மொத ஆறு மாசம்தான் அங்கிள் முக்கியம். செவ்வாயும் வெள்ளியும் தவறாம கூட்டிட்டு வாங்க. விட்டுட்டா கையும் காலும் அப்படியே நின்னுரும். அப்புறம் ஒன்னு, ஆன்ட்டி புது வார்த்தை ஏதாச்சும் சொன்னாங்கன்னா அன்னிக்கே எனக்கு போன் போட்டு சொல்லணும். ஒன்னு வந்துட்டா பின்னாலயே மத்ததும் வரும்."

சதாசிவம் அதை நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுநர் ஜெயபாலன் இரண்டு முறை வாசல்வரை வந்தான். மூன்றாவது முறை பெரிய சாலையிலேயே நின்றுகொண்டு கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது சடக்கு இல்ல லா, வெறும் லோபாங், குழி மேல குழி. அன்னிக்கு அடியில இடிச்சு இன்னும் எண்ணெய் ஒழுகுது. அக்காவ இங்கின வரைக்கும் கொண்டாந்துட்டீங்கன்னா நான் பூப்போல கூட்டிட்டுப் போறேன்."

சக்கர நாற்காலி முதல் குழியிலேயே மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. ஆகவே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் மங்களத்தை உட்கார வைத்து, சதாசிவம் ஒருபுறமும் ஜெயபாலன் ஒருபுறமுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். இறக்கி வைக்கும்போதெல்லாம் மங்களம் "போலாம்" என்றாள்.

மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று சதாசிவம் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். மலாயில் பழுது பார்ப்பதற்குப் பைக்கி என்று ஒரு சொல் இருக்கிறது. சைக்கிளுக்குப் பைக்கி, குழாய்க்குப் பைக்கி, மின்விசிறிக்கும் பைக்கி. அரசாங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் அது கொஞ்சம் ஏழைச் சொல்லாக அவருக்குப் பட்டது. யோசித்தார். மருத்துவமனையில் பிரமிளாவின் பிரிவுக்கு வெளியே பெரிய எழுத்தில் 'பெமுலிஹான்', அதாவது மறுவாழ்வு, என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. படுத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கதவு வழியாகப் போய் நடந்து திரும்புவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மங்களத்துக்கு வேண்டியது அதுதான். சடக்குக்கும் அதுவே இருக்கட்டும் என்று எழுதினார்: எங்கள் சடக்குக்குப் பெமுலிஹான் வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பழம்பெரும் கோட்டை, மாளிகை முதலியவற்றை ஆதியில் இருந்தபடியே மீட்டு எடுப்பதற்கும் அதுதான் சொல். கடிதத்தைப் பிரித்த அலுவலர் படித்தவர். தார் லோரி அனுப்பும் பிரிவுக்குப் போக வேண்டிய கடிதத்தைப் பழந்தார்ச் சடக்குகள் பாதுகாப்பு வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்.

நான் கேலிக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஈப்போவில் நான்காவது மாடியில் அப்படி ஒரு வாரியம் இருந்தது. தலைவர் இருந்தார், துணைத்தலைவர் இருந்தார், ஆண்டுதோறும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வாழ்த்து அட்டை அச்சடித்தார்கள். தொடங்கிப் பதினொரு வருடங்களில் அவர்களுக்கு வந்து சேர்ந்த முதல் விண்ணப்பம் சதாசிவத்தினுடையது. லேசில் விடுவார்களா?

அடுத்த வாரமே ஒரு வெள்ளைக் கார் வந்தது. வாரியத்தின் கள அதிகாரி தினேஸ்வரி இறங்கினாள். சின்ன வயது, பணிவான பேச்சு. கையில் அளவுகோலும் ஒரு கட்டு மஞ்சள் கொடியும் வைத்திருந்தாள். முதல் குழியின் முன் குந்தி உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் குழிய யாரு போட்டா அங்கிள்?"

"யாரும் போடல மா. மழைதான்."

"எந்த வருஷத்து மழை?"

மழைக்கு வருடம் வைத்துச் சதாசிவம் பார்த்ததில்லை. எண்பத்தைந்தாக இருக்கலாம் என்று சும்மா சொல்லி வைத்தார். தினேஸ்வரி எழுதிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சடக்கில் நாற்பத்தேழு குழிகளுக்கும் நாற்பத்தேழு கொடிகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நீளம், அகலம், ஆழம், தோன்றிய ஆண்டு. பத்தொன்பதாம் குழி கொய்யாப்பழத்தின் வடிவில் இருந்தது என்பதற்காக அதற்கு இரண்டு கொடி.

"எப்ப மா மூடுவீங்க?"

"மூடறதா?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடிதத்தை எடுத்து அவரிடமே காட்டினாள். "பைக்கின்னு எழுதியிருந்தீங்கன்னா மறுநாளே லோரி வந்து தாரக் கொட்டிட்டுப் போயிருக்கும் அங்கிள். நீங்க பெமுலிஹான்னு இல்ல எழுதியிருக்கீங்க."

"சாலா, தப்பாப் போட்டுட்டேன் மா. இப்ப மாத்தி எழுதிக் குடுக்கறேன்."

"பெமுலிஹான்ல இருக்கிற சடக்க பைக்கி பண்ணினா அது குத்தம் லா."

சதாசிவத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சொல்லின் மேல் கோபம் வந்தது. ஏப்ரலில், யாரிடமும் சொல்லாமல், கோப்பெங் இரும்புக் கடையிலிருந்து மூட்டையில் வரும் குளிர்தார் வாங்கி வந்து பத்தொன்பதாம் குழியை மூடினார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சமன் செய்தார். அதன் மேல் நின்று ஏறி ஏறிக் குதித்தும் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை நாற்காலியை இறக்கி வைக்க ஒரு சமமான இடம் கிடைத்தது. மங்களம் காலடியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது, அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை வாரியத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். குழி காணாமல் போனதாகப் போலீசில் புகார் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். பல் துலக்கும் தூரிகை அளவுக்குச் சின்னத் தூரிகைகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து, புதிய தாரைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, குழியை அதன் பழைய ஆழத்துக்கே கொண்டுவந்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே ஆழமாகிவிட்டது. அதற்குப் பொறுப்பு சதாசிவம் என்று குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாரியத்துக்குச் சடக்கின் வாய்மொழி வரலாறும் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டில் சன்னாசி இருந்தார். எண்பது வயது. இளமையில் பங்களாவில் புல் வெட்டியவர். இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. தினேஸ்வரி ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன்னால் வைத்ததும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பல்லாம் இந்தச் சடக்குல நாம கால வைக்கக் கூடாது மா. ஓரத்துப் புல்லுலதான் நடக்கணும். சைக்கிள்ல வந்தா எறங்கித் தள்ளணும். ஒரு நாளு மறந்துட்டேன். தொரை வந்து சைக்கிளத் தூக்கிக் கால்வாயில போட்டுட்டு, செவுள்ல ஒன்னு விட்டான். எங்கப்பா அங்கதான் நின்னாரு. ஒன்னும் கேக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

சொல்லி முடித்துவிட்டு அழுதார். தினேஸ்வரிக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி தாத்தா. இது எங்களுக்குக் கெடச்ச பொக்கிஷம்."

இரண்டு வாரம் கழித்துச் சடக்கின் இரு பக்கமும் தேங்காய்க் கயிறு கட்டினார்கள். முகப்பில் ஒரு மரப்பலகை வந்தது. அதில் மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'தொழிலாளர்கள் ஓரமாக நடக்கவும். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளவும்.' பக்கத்தில் ஒரு பொண்டோக்குக் குடிசை போட்டு, காக்கி அரைக்கால் சட்டை மாட்டிய காவலாளி ஒருவரையும் உட்கார வைத்தார்கள். அவர் வாயில் விசில் இருந்தது.

சன்னாசி பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"செவுள்ல விடறத மட்டும் போடல" என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஓரம் என்பது ஒரு முழ அகலம். ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் கால்வாய், கீழே ஈரப்புல். அதில் இரண்டு ஆள் நாற்காலி தூக்கிக்கொண்டு போவது எப்படி என்று விதி எழுதியவர்கள் சொல்லவில்லை. மே கடைசிச் செவ்வாயன்று சதாசிவத்தின் கால் வழுக்கியது. மங்களம் நாற்காலியோடு கால்வாய்க்குள் போனாள். இடுப்பளவு தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கினார்கள். காவலாளி நல்ல மனிதர், ஓடி வந்து கைகொடுத்தார், தூக்கி முடித்த பிறகுதான் விசில் ஊதினார்.

"இனிமே வேணாம் அண்ணே" என்றான் ஜெயபாலன். "இன்னொரு தடவ விழுந்தா அக்கா தாங்க மாட்டாங்க. சடக்கு சரியாவட்டும். நான் வழக்கம்போல செவ்வாய், வெள்ளி வந்து மெயின் ரோட்டுல அரை மணி நேரம் நிக்கிறேன்."

அவன் சொன்னபடி வந்து நின்றான். மங்களமும் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இடது கையால் தானே தலை சீவி, பவுடர் பூசி, வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் வேன் தெரியும். "போலாம்" என்பாள். சதாசிவம் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவார். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவுவார்.

ஜூன் மாதம் அவர் நான்காவது மாடிக்கு ஏறினார். வாரியத் தலைவர் அருளம்பலம் எழுந்து நின்று வரவேற்றார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்தொன்பதாம் குழியின் வண்ணப்படம் இருந்தது.

"இருங்கோ, இருங்கோ. நீங்கள்தானே சதாசிவம்! உங்களாலதான் இந்த வாரியம் உயிரோட இருக்கு."

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு முடியல. ஆகஸ்டு வந்தா ஆறு மாசம் முடிஞ்சிரும். வேன் வர்ற அளவுக்கு அந்தக் குழிய மட்டும் மூடிக் குடுத்தீங்கன்னா போதும்."

அருளம்பலம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "குழியை மூடினால் என்ன மிஞ்சும், சொல்லுங்கோ பாப்பம். வெறும் சடக்குத்தான் மிஞ்சும். வெறும் சடக்கு நாடு முழுக்கக் கிடக்குது."

"ஆளுங்க நடக்கணும்ல ஐயா?"

"ஆக்கள் நடக்கிறதுக்குச் சடக்கு வேணுமெண்டால் அதுக்கு வேற இலாகா இருக்கு. எங்கட வேலை, ஆக்களிட்ட இருந்து சடக்கைக் காப்பாத்துறது." சொன்னது அவருக்கே பிடித்துப் போயிற்று. ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "என்ர பாட்டனார் உந்தத் தோட்டத்திலதான் கணக்கெழுதுற கிராணியா இருந்தவர். அவருக்கு அந்தச் சடக்கில பாதித் தூரம் சைக்கிள் ஓட அனுமதி இருந்தது. பாதித் தூரம்! அதுக்கு மேல அவரும் இறங்கித் தள்ளினவர். எவ்வளவு ஒழுங்கு பாருங்கோ! அந்த ஒழுங்கைத்தான் நாங்கள் திருப்பிக் கொண்டுவாறம்."

சதாசிவம் எழுந்தார். கதவுவரை வந்து கைகுலுக்கி அனுப்பினார் அருளம்பலம். உண்மையிலேயே அன்பான மனிதர். அதுதான் சதாசிவத்தால் தாங்க முடியவில்லை.

திறப்பு விழா ஆகஸ்டில், ஆறு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நடந்தது. செவ்வாய்க்கிழமை. பங்களா இருந்த மேட்டில் பந்தல் போட்டார்கள், உறுமி மேளம் வந்தது. நாற்பத்தேழு குழிகளுக்கும் உள்ளே கறுப்பு மெருகு பூசியிருந்தார்கள், மழைத் தண்ணீர் நின்று அவற்றின் வடிவம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. பழைய காலத்துக் கார் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் அதில் உட்கார்ந்து பெரிய சாலையிலிருந்து பந்தல்வரை வர வேண்டும் என்பது ஏற்பாடு. வயதான காரால் குழியில் இறங்கி ஏற முடியாது. ஆகவே காலையிலேயே எல்லாக் குழிகளின் மேலும் கெட்டியான பலகைகளைப் போட்டார்கள்.

கார் வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

சதாசிவம் கைதட்டவில்லை. அவர் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பத்து மீட்டரும் மேசைபோலச் சமமாக இருந்தது. அந்தக் கோடியில் ஜெயபாலனின் வேன் விளக்கு மின்னிக்கொண்டு நின்றது. அவர் வீட்டுக்கு ஓடினார். மங்களம் பவுடர் பூசித் தயாராக இருந்தாள். "போலாம்" என்றாள்.

"போலாம் மங்களம், போலாம்!" என்று சதாசிவமும் கத்தினார்.

நாற்பத்தேழாம் குழியைத் தாண்டினார்கள். நாற்பத்தாறு. சக்கரம் பலகையில் தடதடவென்று ஓடியது. நாற்பது, முப்பத்தைந்து. வழியில் நின்ற காவலாளி விசிலை வாயில் வைத்தார், மங்களத்தின் முகத்தைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டார். முப்பது, இருபத்தெட்டு. அதற்குள் எதிர்ப்பக்கம் பெரிய சாலையிலிருந்து வேலையாட்கள் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பதாம் குழியின் அருகில் இரு தரப்பும் சந்தித்தன. அந்தப் பலகையையும் எடுத்தார்கள்.

"தம்பி, அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் போட்டு வைங்கப்பா."

வேலையாட்கள் தினேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் ஓடி வந்தாள்.

"முடியாது அங்கிள். பலகை மூலத்துல இல்ல. விழாவுக்கு மட்டும்தான் அனுமதி. அடுத்து போட்டோ எடுக்கிறாங்க."

"குழி மட்டும் மூலத்துல இருந்துச்சா மா?"

அவள் யோசித்தாள். "குழி பின்னால வந்தது. ஆனா தானா வந்தது அங்கிள்."

முன்னால் இருந்த பலகைகள் போய்விட்டன. பின்னால் இருந்தவற்றையும் மற்றவர்கள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சதாசிவம் நாற்காலியைத் திருப்பினார். பந்தலில் அருளம்பலம் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்: "இந்தச் சடக்கு இனி எந்தச் சக்கரத்தாலும் தேயாது." ஜெயபாலன் அரை மணி நேரம் நின்றுவிட்டு, இன்னொரு அரை மணி நேரமும் நின்றுவிட்டுப் போனான்.

மருத்துவமனைக் கடிதம் மாதக் கடைசியில் வந்தது. வராத நாட்களின் பட்டியல் இருந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். காத்திருக்கும் வேறொருவருக்கு இடம் கொடுத்துவிட்டதாகவும், பெமுலிஹான் முடிந்தது என்றும் எழுதியிருந்தது. அதே வாரம் வாரியத்திலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. விண்ணப்பதாரர் சதாசிவம். பெமுலிஹான் முடிந்தது.

செப்டம்பரில் தினேஸ்வரி ஒரு படிவத்தோடு வந்தாள். ஓரமாகத்தான் நடந்து வந்தாள். குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டுப் பதிய வேண்டுமாம், வீட்டுக்கு ஒருவர் சொன்னால் போதுமாம். சன்னாசி கதவைத் திறக்கவில்லை. சதாசிவம் "என்னைக் கேக்காத மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் தயங்கி, வாசலில் நாற்காலியில் இருந்த மங்களத்தின் முன் குந்தி உட்கார்ந்தாள். அன்று செவ்வாய். மங்களம் தலை சீவவில்லை.

"ஆன்ட்டி, மூணே கட்டம்தான். சடக்கு மறுவாழ்வுத் திட்டம் எப்படி இருக்கு? நல்லாருக்கா, போதுமா, போதாதா?"

மங்களம் அவளைப் பார்க்கவில்லை. சடக்கைப் பார்த்தாள். மஞ்சள் கொடிகள், கயிறு, அறிவிப்புப் பலகை, அதற்கு அப்பால் வேன் நிற்காத பெரிய சாலை. வெகுநேரம் வாய் கோணி அசைந்தது.

"போ..." என்றாள்.

வழக்கமான சொல்தான் வரப்போகிறது என்று சதாசிவம் நினைத்தார்.

"போதும்" என்றாள் மங்களம்.

சதாசிவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடி நாள்காட்டியைத் திருப்பிப் பிரமிளாவின் எண்ணைத் தேடி எடுத்தார். கைப்பேசியில் பாதி எண்ணை அழுத்திய பிறகுதான், அங்கே பெமுலிஹான் முடிந்துவிட்டது, இனி அதை யாரிடம் சொல்வது என்று நினைவு வந்தது. வாசலில் தினேஸ்வரி நடுக்கட்டத்தில் சரி என்று குறித்து, நன்றி சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போனாள்.